பழிவாங்கலும் மீட்சியும்: ஃபேன்டஸி தொடர்களின் ‘கிரே’ பாத்திரங்களைப் புரிந்துகொள்ள ஓர் அறிமுகம்

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ 2019 மே மாதம் முடிந்தது. அந்த ஃபேன்டஸி தொடரில் வரும் வீரன் ஜேமி லானிஸ்டரைப் பற்றிய வாதம் மட்டும் இன்னும் ஓயவில்லை. “வருஷக்கணக்காகத் திருந்திவந்தவனைக் கடைசி நேரத்தில் கெடுத்துவிட்டார்கள்” என்கிறது ஒரு தரப்பு. “அவன் திருந்தவே இல்லையே, கெடுக்க என்ன இருக்கிறது” என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் ஒரே காட்சிகளைத்தான் பார்த்திருக்கின்றன. ஆனால் ‘திருந்துதல்’ என்று சொல்லும்போது ஒருவர் மனதில் இருப்பது வேறு, மற்றவர் மனதில் இருப்பது வேறு. பழிவாங்கலைப் பற்றிய பேச்சும் இப்படித்தான் குழம்பிக் கிடக்கிறது. இந்த இரண்டும் கதைக்குள் எப்படி இயங்குகின்றன என்பதை ஐந்தாறு தொடர்களை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம். முடிவுகளைச் சொல்லாமல் இதை விளக்க வழியில்லை. தொடர்களைப் பார்க்காதவர்கள் கவனத்தில் கொள்ளவும்.

## ‘கிரே’ பாத்திரம் யார்?

ஸ்டைலான வில்லனையும், சின்ன வயதில் கஷ்டப்பட்ட வில்லனையும் ‘கிரே’ என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டும் போதாது. ஒரு பாத்திரம் செய்த காரியத்தின் காரணம் நமக்கு முழுசாகப் புரிய வேண்டும். புரிந்த பிறகும் அந்தக் காரியத்தை ஏற்க முடியாமல் போக வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தால்தான் அது கிரே பாத்திரம்.

2011-இல் தொடங்கிய ‘ஒன்ஸ் அப்பான் எ டைம்’ தொடரின் ரெஜினா நல்ல உதாரணம். அவளுடைய காதல் ரகசியத்தைச் சிறுமியான ஸ்னோ ஒயிட் வெள்ளந்தியாக வெளியே சொல்லிவிடுகிறாள். ரெஜினாவின் தாயே அந்தக் காதலனைக் கொன்றுவிடுகிறாள். அந்த ஆத்திரம் யாருக்கும் புரியும். ஆனால் அதற்காக அவள் ஒரு நாடு முழுவதையும் சபிக்கிறாள். அந்தச் சாபம் பலிக்க, தான் மிகவும் நேசிப்பவரின் இதயத்தைப் பலி கொடுக்க வேண்டும். பெற்ற தந்தையின் இதயத்தைக் கொடுக்கிறாள். காதலனைக் கொன்ற தாய்க்கும், ரகசியத்தைச் சொன்ன சிறுமிக்கும், ஒரு பாவமும் அறியாத தந்தைக்கும் இடையே அவள் கோபம் பாயும் திசையைப் பாருங்கள். கிரே பாத்திரத்தின் அடையாளம் அங்கேதான் இருக்கிறது.

கேம் ஆஃப் த்ரோன்ஸின் ராம்சே போல்டன் கிரே அல்ல. அவன் பின்கதையை எவ்வளவு சொன்னாலும் அவன் செய்வது நமக்குப் புரியப்போவதில்லை. பிறர் வேதனையே அவனுக்கு இன்பம், அவ்வளவுதான்.

## இடிபட்ட வண்டி

தெருவில் நிறுத்தியிருந்த உங்கள் பைக்கை யாரோ இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டார். டேங்க் நெளிந்துவிட்டது, கண்ணாடி உடைந்துவிட்டது. இடித்தவர் யார் என்று தெரிந்ததும் மனசு என்னென்ன கேட்கும்? ரிப்பேர் செலவு வேண்டும். ஆனால் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் பணத்தை விட்டெறிந்தால் கோபம் இன்னும் ஏறும். “நான்தான் இடித்தேன், தப்புதான்” என்ற வார்த்தை வேண்டும். இனி அந்த முக்கில் பார்த்து ஓட்டுவார் என்ற நம்பிக்கையும் வேண்டும். இவை எதுவுமே கிடைக்காது என்று தெரியும்போதுதான், “அவர் வண்டியையும் ஒருநாள் நெளித்துவிட வேண்டும்” என்ற நினைப்பு எழும்.

ஆக, தேவைகள் நான்கு. செய்த தவறைச் செய்தவரே பாதிக்கப்பட்டவரிடம் சொல்வது ஒப்புதல். இழந்ததைத் திருப்பித் தருவது, முடிந்தவரை சரிசெய்வது ஈடு. அதே தவறை மறுபடி செய்யாதவராக ஆவது மாற்றம். பட்ட வலியை அவரும் படச் செய்வது பதிலடி.

முதல் மூன்றையும் தவறு செய்தவர் மட்டுமே தர முடியும். நான்காவது ஒன்றைத்தான் அவர் சம்மதம் இல்லாமல் நாமாகவே எடுத்துக்கொள்ள முடியும். பழிவாங்கல் எப்போதும் பதிலடியின் உருவத்தில் வருவதற்குக் காரணம் இதுதான். பழிவாங்குபவருக்கு உண்மையில் வேண்டியது முதல் மூன்று. அந்தக் கதவுகள் மூடியிருப்பதால் நான்காவது வழியாக உள்ளே நுழையப் பார்க்கிறார். மீட்சி என்பது, தவறு செய்தவர் யாரும் கட்டாயப்படுத்தாமல் முதல் மூன்றையும் தானே கொண்டுவந்து தருவது. பழிவாங்கல் பிடுங்க முயல்வதும் மீட்சி தருவதும் ஒரே பொருளைத்தான். அதனால்தான் நல்ல தொடர்களில் இந்த இரண்டு கதைகளும் ஒன்றையொன்று தேடி வந்து மோதுகின்றன.

## பழிவாங்குபவருக்கு உண்மையில் என்ன வேண்டும்?

கேம் ஆஃப் த்ரோன்ஸ் நான்காம் சீசன், எட்டாம் எபிசோட், 2014. ஓபரின் மார்டெல், ‘மவுண்டன்’ எனப்படும் கிரெகர் கிளகேனுடன் தனிச்சண்டைக்கு இறங்குகிறான். ஓபரினின் சகோதரி எலியாவையும் அவள் குழந்தைகளையும் கொன்றவன் கிரெகர். ஓபரினுடைய ஈட்டியில் விஷம் தடவப்பட்டிருக்கிறது. அந்த ஈட்டி கிரெகரின் உடலில் ஆழமாக இறங்கிவிடுகிறது. பதிலடி மட்டும்தான் நோக்கம் என்றால் காரியம் அங்கேயே முடிந்தது. விலகி நின்றாலே போதும்.

ஓபரின் விலகவில்லை. விழுந்து கிடப்பவனைச் சுற்றிச் சுற்றி வந்து, அவள் பெயரைச் சொல், செய்ததைச் சொல், யார் உத்தரவிட்டது என்று சொல் என்று கத்துகிறான். கிரெகர் அவன் காலை இழுத்து வீழ்த்தி, அவன் மண்டையை நசுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்கிறான். உத்தரவிட்டவர் பெயரை மட்டும் சொல்லவில்லை. ஓபரின் கேட்ட ஒப்புதல் அவனுக்குக் கிடைத்தது. துளி வருத்தமும் இல்லாத ஒப்புதல் அது. அதைச் சொன்னவன் கையில் அது இன்னொரு ஆயுதமாகிவிட்டது. கட்டாயப்படுத்திப் பெறும் ஒப்புதலின் கோளாறு முழுவதும் இந்தச் சில நிமிடங்களுக்குள் அடங்கிவிடுகிறது. கூடவே இன்னொன்று: ஓபரின் சண்டையிட்டது, கொலைக் குற்றம் சாட்டப்பட்ட டிரியன் சார்பாக. அவன் தோற்றதால் மரண தண்டனை டிரியனுக்கு விழுகிறது. பழியின் செலவைப் பெரும்பாலும் வேறு யாரோதான் கட்டுகிறார்கள்.

அதே தொடரில் வரும் ஆர்யா ஸ்டார்க்கின் கதையும் இதையே வேறு வழியில் காட்டுகிறது. கொல்ல வேண்டியவர்கள் பெயரைத் தூங்கும் முன் மந்திரம்போல் சொல்லும் சிறுமி அவள். முகமற்றவர்கள் என்ற கொலைஞர் கூட்டத்திடம் பயிற்சிக்குச் சேர்கிறாள். அவர்களுடைய முதல் விதி, ‘நான்’ என்று ஒருவர் இருக்கவே கூடாது. பெயரில்லாமல் வந்து பெயரில்லாமல் கொல்ல வேண்டும். ஐந்தாம் சீசன் முடிவில் தன் பட்டியலில் உள்ள மெரின் டிராண்டைக் கொல்லும்போது, தான் யார் என்பதை அவனுக்குச் சொல்லிவிட்டுத்தான் கொல்கிறாள். தண்டனையாக அவள் பார்வை பறிக்கப்படுகிறது. அடுத்த சீசனின் கடைசியில் தன் தாயையும் அண்ணனையும் கொல்வித்த வால்டர் ஃப்ரேயைக் கொல்லும்போதும் அப்படித்தான். வேஷத்தைக் கலைத்துத் தன் முகத்தையும் குலப்பெயரையும் காட்டிய பிறகே கழுத்தை அறுக்கிறாள். சத்தமில்லாமல் கொன்றுவிட்டுப் போகும் திறமை அவளுக்கு இருந்தது. அப்படிச் செய்யாததற்குக் காரணம், ‘இது எதற்காக’ என்று அவன் உணராமல் செத்தால் அவளைப் பொறுத்தவரை கணக்கு தீராது. கூலிக்குக் கொல்பவருக்குப் பெயர் தேவையில்லை. பழிவாங்குபவரால் பெயர் இல்லாமல் கொல்லவே முடியாது.

இதே தேவையைச் சாபமாக மாற்றிப் பார்த்தது ‘பஃபி த வாம்பயர் ஸ்லேயர்’ தொடர். ஏஞ்சல் என்ற ரத்தக்காட்டேரி, 1898-இல் ரோமானி குலத்துப் பெண் ஒருத்தியைக் கொல்கிறான். குலத்தார் அவனைக் கொல்லவில்லை. அவனுக்கு ஆன்மாவைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஆன்மா வந்ததும் அதுவரை செய்த கொலைகள் அத்தனையும் அவனை அரிக்கத் தொடங்குகின்றன. அவன் உள்ளிருந்தே ஒப்புதல் வரவேண்டும் என்று வடிவமைத்த பழி அது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை: ஒரு கணம் அவன் முழு மகிழ்ச்சி அடைந்தாலும் ஆன்மா போய்விடும். அவன் துன்பம் நிற்கக் கூடாது என்பதில் குறியாக இருந்தவர்கள், ஆன்மா போனால் பழைய கொலைகாரன் திரும்பிவிடுவான் என்பதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் சீசனில் அதுதான் நடக்கிறது. அப்போது அவன் கையில் சாகிறவர்களில் ஒருத்தி அதே குலத்துப் பெண், ஜென்னி காலண்டர்.

இதுவரை: பழிவாங்கலின் உள்ளே இருப்பது ஒப்புதலுக்கான பசி. அதை வலுக்கட்டாயமாகப் பெறும்போது வருத்தமற்ற வார்த்தை கிடைக்கிறது, அல்லது சம்பந்தமில்லாதவர் விலை கொடுக்கிறார், அல்லது இரண்டும் நடக்கிறது.

## மீட்சியின் பாகங்கள்: ஜூக்கோவின் 61 எபிசோடுகள்

‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ 2005 முதல் 2008 வரை நிக்கலோடியனில் ஓடிய அனிமேஷன் தொடர். குழந்தைகளுக்கானது என்று ஒதுக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். மீட்சிக் கதையை எப்படிக் கட்டுவது என்று கற்க இதைவிடத் தெளிவான பாடம் தொலைக்காட்சியில் கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

தீ தேசத்து இளவரசன் ஜூக்கோவை, 13 வயதில், தந்தை ஓசாய் முகத்தைச் சுட்டு நாடு கடத்துகிறார். நிலம், நீர், தீ, காற்று நான்கையும் ஆளக்கூடிய அவதாரைப் பிடித்து வந்தால் மட்டுமே திரும்பலாம். தொடர் தொடங்கும்போது அவன் துரத்தும் வில்லன்; துரத்தப்படும் அவதார், ஆங் என்ற சிறுவன்.

முதல் பாகம், தவறைப் பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று பார்ப்பது. மொத்த வரிசையில் 27-ஆம் எபிசோடில் அவன் பெயரை மறைத்துக்கொண்டு, பசியோடு, தன் தேசம் நாசமாக்கிய நாட்டின் ஒரு கிராமத்துக்கு வருகிறான். ஒரு குடும்பம் சோறு போடுகிறது. அந்த வீட்டுப் பையன் அவனிடம் ஒட்டிக்கொள்கிறான். பையனைக் காப்பாற்றத் தன் தீ வித்தையைக் காட்டி, தன் பெயரையும் சொல்லிவிடுகிறான் ஜூக்கோ. ஊரே அவனை விரட்டுகிறது. காப்பாற்றப்பட்ட பையனே உன்னை வெறுக்கிறேன் என்கிறான். ஒரு நல்ல காரியம் பழைய கணக்கை அழிக்காது என்பதை, அவன் நல்லவனாக மாறுவதற்கு வெகு முன்பே தொடர் சொல்லி வைக்கிறது.

இரண்டாவது, பின்வாங்கல். 40-ஆம் எபிசோடில் ஒரு குகைக்குள் அவனுக்குத் தேர்வு வருகிறது. ஒரு பக்கம் அவனை வளர்த்த பெரியப்பா ஐரோவும் ஆங்கும், நீரை ஆட்டிவைக்கும் அவன் தோழி கட்டாராவும். மறு பக்கம் தங்கை அசூலாவும் அவள் வாக்களிக்கும் கௌரவமும். அவன் அசூலா பக்கம் போகிறான். ஐரோ சிறைக்குப் போகிறார். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இது கதையின் சறுக்கலாகப் படும். உண்மையில் இது இல்லாமல் மீதிக் கதை நிற்காது. அதுவரை அவன் மென்மையாகியிருந்ததற்கு வறுமையும் தனிமையும் காரணமாக இருந்திருக்கலாம். கேட்டதெல்லாம் கிடைத்து, அரண்மனைக்குத் திரும்பி, அப்போதும் நிம்மதி இல்லை என்று தெரிந்து வெளியேறும்போதுதான் அது அவனே எடுத்த முடிவாகிறது.

51-ஆம் எபிசோடின் கிரகணக் காட்சி என்னை இன்றும் வியக்க வைக்கிறது. எட்டு நிமிடங்களுக்குத் தீ தேசத்தார் எவருக்கும் சக்தி கிடையாது. ஜூக்கோ கையில் வாள்களோடு, தன் முகத்தைச் சுட்ட தந்தை முன் நிற்கிறான். பழிவாங்க இதைவிட நல்ல சமயம் வராது. அவன் அந்த நிமிடங்களைப் பேசுவதற்குச் செலவிடுகிறான்: 13 வயதுப் பிள்ளையோடு சண்டைக்கு நின்றது கொடுமை, நம் தேசம் உலகுக்குச் செய்தது கொடுமை, நான் போகிறேன். ஓபரினைப் போலத் தந்தையிடமிருந்து ஒப்புதலை அவன் கேட்கவில்லை. தன் உண்மையைச் சொல்லிவிட்டு விலகுகிறான்.

மூன்றாவது, ஒப்புதல். இங்கேதான் எல்லாம் தப்பாகப் போகிறது. 52-ஆம் எபிசோடில் ஆங் குழுவிடம் வந்து மன்னிப்புக் கேட்கிறான். தான் முன்பு செய்த ஒரு நல்ல காரியத்தைச் சாட்சிக்கு எடுத்து வைக்கிறான். பேச்சோடு பேச்சாக, அவர்களைக் கொல்ல ஒரு கொலைகாரனை அனுப்பியதும் தான்தான் என்று உளறுகிறான். அவர்கள் துரத்துகிறார்கள். கைதியாகவாவது வைத்துக்கொள்ளுங்கள் என்கிறான், அதற்கும் மறுப்பு. பரிவோடு இரவில் தேடிவந்த, அந்தக் குழுவின் சிறுமி டோஃபின் பாதங்களைத் திடுக்கிட்ட பழக்கத்தில் சுட்டுவிடுகிறான். மனம் மாறினாலும் கை மாற நாளாகும்.

நான்காவது, பழைய எரிபொருளை இழப்பது. இதை ஃபேன்டஸியால் மட்டுமே இவ்வளவு நேராகக் காட்ட முடியும். குழுவில் சேர்ந்ததும் அவன் தீ கிட்டத்தட்ட அணைந்துபோகிறது. அதுநாள் வரை அதற்கு எரிபொருள் அவன் கோபம். கோபம் போனதும் சக்தியும் போய்விட்டது. 53-ஆம் எபிசோட் முழுவதும் அவன் வேறொரு மூலத்தைத் தேடிப் போவதுதான். வஞ்சத்தால் வாழ்ந்தவர் வஞ்சத்தை விட்டதும் வெறுமையாகிப்போவதை யதார்த்த நாடகத்தில் வசனமாகத்தான் சொல்ல முடியும். இங்கே கையிலிருந்து சின்னத் தீப்பொறிதான் வருகிறது, நமக்குப் புரிந்துவிடுகிறது.

ஐந்தாவது, ஈடு. அவன் எல்லோருக்கும் ஒரே மன்னிப்பை நீட்டுவதில்லை. ஆங்குக்குத் தீ வித்தை கற்றுத்தருகிறான். கட்டாராவின் அண்ணன் சோக்காவோடு சிறைக்குள் புகுந்து அவன் தந்தையை மீட்க உதவுகிறான். கட்டாராவுக்குச் செய்வது தனிக்கதை, அடுத்து வருகிறது. ஐரோவுக்கு மட்டும் கொடுக்க அவனிடம் எதுவுமில்லை. 59-ஆம் எபிசோடில் அவர் கூடாரத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்து அழுது மன்னிப்புக் கேட்கிறான். அவன் பேசி முடிப்பதற்குள் அவர் இழுத்து அணைத்துக்கொள்கிறார்.

கடைசியாக, மாற்றத்துக்கான சோதனை. 12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடீஸ் முழுமையான மனந்திரும்பலுக்கு ஓர் அளவுகோல் வைத்தார்: அதே தவறைச் செய்யும் வாய்ப்பு மறுபடி வந்து, செய்யும் வலிமையும் இருந்து, அப்போதும் செய்யாமல் இருக்க வேண்டும். 60-ஆம் எபிசோடை இதோடு பொருத்திப் பாருங்கள். குகையில் இருந்த அதே ஜூக்கோ, அதே அசூலா, அதே கட்டாரா. குகையில் அசூலாவின் மின்னல் ஆங்மீது பாய்ந்தபோது ஜூக்கோ அவள் பக்கம் நின்றான். இப்போது அவள் மின்னலைக் கட்டாராமீது ஏவுகிறாள். அவன் நடுவில் பாய்ந்து தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறான்.

சுருக்கமாக: பாதிக்கப்பட்டவர் கண்ணால் பார்ப்பது, ஒருமுறையாவது சறுக்கித் தானே திரும்புவது, முகத்துக்கு நேரே ஒப்புக்கொள்வது, பழைய எரிபொருளை இழப்பது, ஆளுக்கு ஏற்ற ஈடு, அதே சூழலில் வேறு முடிவு. 61 எபிசோடில் அவன் கட்சி மாறுவது 52-இல்தான். அவசரமே இல்லாமல் கட்டிய கதை.

## இரண்டும் சந்திக்கும் இடம்

56-ஆம் எபிசோடில் கட்டாரா தன் தாயைக் கொன்றவனைத் தேடிப் போகிறாள். ஆள் யார் என்று கண்டுபிடிக்க வழிகாட்டுபவன் ஜூக்கோ. வழியில் ஒரு கப்பல் தலைவனை அவன்தான் என்று நினைத்து, அவன் உடலின் ரத்தத்தையே ஆட்டிவைக்கும் கொடிய வித்தையைப் பயன்படுத்துகிறாள். அருகே போய்ப் பார்த்தால் அவன் வேறு ஆள். உண்மையான கொலைகாரன் யான் ரா ஓய்வுபெற்று, காய்கறி வளர்த்துக்கொண்டு, தன் தாயிடம் திட்டு வாங்கிக்கொண்டு வாழும் கோழை. உயிருக்குப் பயந்து, என் தாயை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்கிறான். அவளிடமிருந்து அவன் பறித்ததன் அளவு அவனுக்கு விளங்கவே இல்லை. விளங்கும் இடம் அவனுக்குள் இல்லை.

மழைத்துளிகளைப் பனிக்கத்திகளாக்கி அவன் முகத்துக்கு நேரே நிறுத்திவிடுகிறாள் கட்டாரா. பிறகு விட்டுவிட்டுப் போகிறாள். இதை ‘மன்னித்துவிட்டாள்’ என்று எழுதுபவர்கள் ஏராளம். அவளே தெளிவாக மறுக்கிறாள்: யான் ராவை அவள் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை, ஜூக்கோவை மன்னிக்கத் தயார். பழிவாங்காமல் இருப்பது ஒன்று, மன்னிப்பது வேறொன்று. யான் ரா ஒப்புதலும் தரவில்லை, ஈடும் தரவில்லை, மாறவும் இல்லை. ஜூக்கோ மூன்றையும் தந்திருக்கிறான். யாரிடமிருந்து பிடுங்க முடியாது என்று தெரிந்ததோ அவனைவிட்டு விலகி, யார் தானாகவே கொண்டுவந்து தந்தானோ அவனிடம் அவள் திரும்புகிறாள்.

## மீட்சி என்று தவறாக எண்ணப்படுபவை

வேதனை மீட்சி அல்ல. கேம் ஆஃப் த்ரோன்ஸின் தியான் கிரேஜாய் இரண்டாம் சீசனில் இரண்டு ஏழைச் சிறுவர்களைக் கொல்ல விட்டு, எரித்த உடல்களைத் தொங்கவிடுகிறான். பிறகு ராம்சேயிடம் சிக்கி உருக்குலைகிறான். அவன் பட்டதே போதுமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் ராம்சே அந்தச் சிறுவர்களுக்காக அடிக்கவில்லை. அந்த வேதனையால் யாருக்கும் ஒரு காசு ஈடு கிடைக்கவில்லை. தியானின் மீட்சி, ராம்சேயின் பிடியில் இருந்த சான்சா ஸ்டார்க்கிடம் உண்மையைச் சொல்லி, பிறகு அவளோடு கோட்டை மதிலிலிருந்து குதிக்கும்போதுதான் தொடங்குகிறது.

கெடுதல் செய்ய முடியாமல் இருப்பதும் மீட்சி அல்ல. பஃபி தொடரில் ஸ்பைக் என்ற இன்னொரு ரத்தக்காட்டேரியின் தலைக்குள் ஒரு சிப் வைக்கிறார்கள். மனிதரைத் தாக்கினால் மூளை வலிக்கும். அவன் அடங்கிப்போகிறான். சங்கிலி போட்ட நாய் கடிக்கவில்லை என்பதால் சாதுவாகிவிட்டது என்று சொல்ல முடியாது என்பதை ஆறாம் சீசனில் அவன் நாயகி பஃபியிடம் நடந்துகொள்ளும் விதம் கொடூரமாகக் காட்டுகிறது. அதற்குப் பிறகே அவன் தானாகப் போய், சோதனைகளைக் கடந்து ஆன்மாவைப் பெறுகிறான். ஏஞ்சலுக்குத் தண்டனையாக வந்த அதே ஆன்மா, ஸ்பைக் கேட்டு வாங்கியது.

பிடித்துப்போவதும் மீட்சி அல்ல. ஜேமிக்கு வருவோம். மூன்றாம் சீசன் ஐந்தாம் எபிசோடில், ஊரையே எரிக்க உத்தரவிட்ட பைத்தியக்கார அரசனை ஏன் கொன்றேன் என்று பெண் போர்வீரர் பிரியெனிடம் சொல்கிறான். அந்தக் காட்சியில் நம் மனம் தலைகீழாகிறது. ஆனால் மாறியது நமக்குத் தெரிந்த தகவல்தான். அவன் அந்த அரசனைக் கொன்றது கதை தொடங்குவதற்கு வெகு காலம் முன்பு. வெளிப்பாடு வேறு, மாற்றம் வேறு. பிறகு உண்மையான நல்ல காரியங்களும் செய்கிறான்: பிரியெனைக் காப்பாற்றக் கரடியின் குழிக்குள் குதிக்கிறான், சான்சாவைத் தேட அவளுக்கு வாள் கொடுத்து அனுப்புகிறான், எட்டாம் சீசனில் பிரானிடம் மன்னிப்பும் கேட்கிறான். ஆனால் அவன் செய்த பெருங்கேடுகளின் வேர், அவன் சகோதரியும் காதலியுமான செர்சி. முதல் எபிசோடில் அவளோடான உறவை மறைக்கச் சிறுவன் பிரானை ஜன்னலிலிருந்து தள்ளினான். ஆறாம் சீசன் எட்டாம் எபிசோடில் அவளிடம் திரும்பிப் போவதற்காக, எதிரிப் பிரபு எட்மியூரின் கைக்குழந்தையைக் கவண்பொறியில் வைத்து எறிவேன் என்று மிரட்டினான். அதே கேள்வி கடைசியில் மூன்றாம் முறை வந்தபோது அதே பதிலைத்தான் சொன்னான். எட்டாம் சீசனுக்கு ஆறே எபிசோடு ஒதுக்கி அவசரப்பட்டது நியாயமான புகார். அவன் மீட்சி கெடுக்கப்பட்டது என்பது அப்படியல்ல. மாற்றத்தின் சோதனையில் அவன் கடைசியில் தேறவில்லை.

சாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுத்தாளர்களுக்கு இது எளிய வழி: பாத்திரம் தியாகம் செய்து செத்துவிட்டால் அதற்குப் பிறகு சோதனையே கிடையாது. நாளைக் காலை எழுந்து மறுபடி நல்லவராக இருக்க வேண்டிய பாரம் செத்தவருக்கு இல்லை. ‘ஜீனா: வாரியர் பிரின்சஸ்’ தொடரில் கொள்ளைப்படைத் தலைவியாக இருந்த ஜீனா ஆறு சீசன்களாக ஊர் ஊராகப் போய் உதவுகிறாள். 2001-இல் வந்த இறுதிக் கதையில், அவளால் முன்பு மாண்ட 40,000 பேரின் ஆன்மாக்கள் விடுதலை பெற அவள் செத்தே கிடக்க வேண்டும் என்கிறது விதி, அவளும் ஏற்கிறாள். ரசிகர்கள் கொதித்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பேன். ஆறு வருட ஈட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, உயிருக்கு உயிர் என்று முடிப்பது பதிலடிக் கணக்கு.

## மன்னிக்கும் உரிமை யாருக்கு?

கேம் ஆஃப் த்ரோன்ஸ் ஏழாம் சீசன் இறுதியில் தியான், தன்னோடு ஒரே கோட்டையில் வளர்ந்த ஜான் ஸ்னோவிடம் வருகிறான். ஜான் சொல்வது அளந்தெடுத்த பதில்: எல்லாவற்றையும் மன்னிக்கும் இடம் என்னுடையதல்ல, என்னால் மன்னிக்கக்கூடியதை மன்னிக்கிறேன். எரிக்கப்பட்ட அந்த இரண்டு சிறுவர்களுக்காக மன்னிக்க ஜானுக்கு உரிமை கிடையாது. அந்த இடத்தைத் தொடர் காலியாகவே விடுகிறது; அது நேர்மை.

பஃபி ஏழாம் சீசனில் இதன் கசப்பான பக்கம் வருகிறது. ஸ்பைக் 1977-இல் நியூயார்க்கில் கொன்ற பெண்ணின் மகன் ராபின் வுட், வளர்ந்து அவனைக் கொல்ல வருகிறான். ஸ்பைக்குக்கு இப்போது ஆன்மா இருக்கிறது. ஆனாலும் அவன் மன்னிப்புக் கேட்பதில்லை. நான் அவன் தாயைக் கொன்றேன் என்பதற்காக இந்த ஒருமுறை அவனை விட்டேன் என்று பஃபியிடம் எச்சரித்துவிட்டுப் போகிறான். நமக்குப் பிடித்த பாத்திரம் என்பதால் இந்தக் காட்சியைப் பலர் அவன் பக்கம் நின்றே பார்க்கிறார்கள். ராபின் பக்கம் நின்று ஒருமுறை பாருங்கள். தாயை இழந்தவனுக்கு ஒப்புதலும் ஈடும் இன்றும் பாக்கி. உலகத்தைக் காப்பாற்றுவதால் அது அடைபடாது.

## எங்கிருந்து தொடங்கலாம்?

அவதாரில் ஜூக்கோவை மட்டும் தொடர விரும்பினால் மொத்த வரிசையில் 12, 27, 40, 51, 52, 53, 56, 59, 60 ஆகிய ஒன்பது எபிசோடுகள் போதும். ஒவ்வொன்றும் சுமார் 23 நிமிடம். மூன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். அதன் பிறகு கேம் ஆஃப் த்ரோன்ஸில் மூன்றாம் சீசனின் ஐந்தாவதையும், நான்காம் சீசனின் எட்டாவதையும் அடுத்தடுத்துப் பார்த்தால், தானாக வந்த ஒப்புதலுக்கும் பிடுங்கப்பட்டதற்கும் உள்ள வேறுபாடு கண்ணில் படும். பஃபியில் ஏழாம் சீசனின் 17-ஆவது எபிசோடுதான் ராபின் வுட் கதை. வன்முறை காரணமாகக் கேம் ஆஃப் த்ரோன்ஸ் சிறுவர்களுக்கு ஏற்றதல்ல. அவதாரை எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தே பார்க்கலாம்.

வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். 40-ஆம் எபிசோடின் குகையில், புனித நீரால் ஜூக்கோவின் தழும்பை ஆற்றித் தருகிறேன் என்று முன்வந்தவள் கட்டாரா. அவன் எதிர்ப்பக்கம் போனது அதற்குச் சற்று நேரத்தில். அது தெரியாமல் 56-ஐப் பார்த்தால், மற்ற எல்லோரும் அவனை ஏற்றுக்கொண்ட பிறகும் அவள் ஒருத்தி மட்டும் ஏன் அவ்வளவு கடுமையாக இருக்கிறாள் என்பது விளங்காது.